எத்தனை தடவை?

காகிதத்தைக் கண்டால் நம்மவர்களுக்கு ஒரு தனி மரியாதை. தவறிக் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஸரஸ்வதி பூஜையன்று அடுக்கி வைத்துச் சந்தனம் தெளிக்கிறோம். பரீட்சையில் தேறாத பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்குக்கூட அன்று ஒரு நாள் பூ உண்டு. இந்த மரியாதையையே முதலாக வைத்துக்கொண்டு ஒரு பண்டம் நம் வீடுகளுக்குள் நுழைந்து நல்ல பிள்ளையாக நடித்து வருகிறது என்பதைச் சென்ற மாசி மாதம் குலசேகரத்தில் ஒரு கலியாண வீட்டில் தெரிந்துகொண்டேன்.

குலசேகரம் கன்னியாகுமரி ஜில்லாவில், பேச்சிப்பாறை அணைக்குப் போகிற வழியில், மலையடிவாரத்து ஊர். திருவிதாங்கூரை ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா ஆண்ட காலத்தில், 1906-ஆம் வருஷம் கட்டி முடிந்த அணை அது. கீழே நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு அந்தத் தண்ணீர்தான் உயிர். ஆனால் குலசேகரத்தாருக்கு வயலைவிட மரந்தான் முக்கியம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர். இடையிடையே கமுகும் தென்னையும். அவற்றின்மேல் தாவி ஏறும் நல்லமிளகுக் கொடி. மாசியில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விட்டுக் கொண்டிருக்கும். அப்போது மரத்துக்கு ஓய்வு; பால் வெட்டு கிடையாது. மரந்தோறும் பால் பிடிக்க வைத்திருக்கும் சிரட்டைகளைத் தொழிலாளிகள் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

பிற ஜில்லாக்காரர்கள் கொட்டாங்கச்சி என்று சொல்வதைத்தான் இங்கே சிரட்டை என்கிறார்கள். தேங்காய் துருவிக் குழம்பில் சேர்ந்த பிறகு மிஞ்சும் ஓடு தோட்டத்துக்குப் போய், மரத்தில் கம்பி வளையத்தின்மேல் உட்கார்ந்து, நெடுங்காலம் பால் பிடிக்கிறது. பாலை ஊற்றியெடுத்த பின் அடியில் ஒட்டிக் காய்ந்திருப்பதையும் விடுவதில்லை; ‘ஒட்டுப்பால்’ என்று பெயரிட்டு, உரித்தெடுத்துத் தனியே விற்கிறார்கள். சிரட்டை உடைந்தால் அடுப்புக்குப் போகிறது. இப்போது பல தோட்டங்களில் பிளாஸ்டிக் கிண்ணம் வந்துவிட்டது. என் பெரியம்மையின் வீட்டை ஒட்டிய தோட்டத்தில் மட்டும் இன்னும் சிரட்டையே ஆட்சி புரிகிறது.

கலியாணம் பெரியம்மையின் பேத்திக்கு. நான் ஒரு வாரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். போன அன்று மாலை, பெண்ணின் தம்பி, பொறியியல் படிக்கிற பிள்ளை, இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். உள்ளே இரண்டாயிரம் காகிதக் கோப்பைகள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு பச்சை இலையும், ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்ற வாசகமும் அச்சிட்டிருந்தன.

“பிளாஸ்டிக் இல்லை ஆச்சி. எல்லாம் கடலாசுதான். குடிச்சுப் போட்டா மண்ணோட மண்ணாப் போவும்” என்றான்.

கடலாசு என்பது இந்தப் பக்கத்தில் காகிதத்துக்கு வழங்கும் பெயர். காகிதம் என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. கடுதாசி போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. ஓலையில் எழுதிக்கொண்டிருந்த நமக்குப் பண்டமும் பெயரும் சேர்ந்தே இறக்குமதியாயின போலும்.

பெரியம்மைக்கு வயது 78. அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ பரம சந்தோஷத்துடன் ஒரு கோப்பையை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தாள். “நல்ல கட்டியான கடலாசுடே! குடிச்சு முடிச்சதும் ஒண்ணையும் தூரப் போடாதே. எல்லாத்தையும் எங்கிட்ட கொண்டு வா. நாலு பெட்டி செய்யலாம்” என்றாள்.

அவள் சொன்ன பெட்டி எதுவென்று இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. பரணிலிருந்து ஒன்றை இறக்கிக் காட்டினாள். வாய் அகன்று, கனமில்லாமல், கல்போல் கெட்டியாக இருந்தது. அவளுடைய தாயார் பழைய நோட்டுப் புத்தகங்களை ஊற வைத்துச் செய்ததாம். தமிழ்நாட்டின் பல பாகங்களிலும் நம் பாட்டிமார் செய்துவந்த வேலைதான் இது. மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைப்பதும் இதே கூழினால்தான். நேயர்களில் சிலராவது செய்து பார்க்கக்கூடுமாதலால் முறையைச் சொல்லிவிடுகிறேன். வழவழப்புத் தாள் வேண்டாம். சாதாரணக் காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து, மூன்று நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். நன்றாக ஊறியதைப் பிழிந்து, உரலிலிட்டு, முந்தின இரவே ஊற வைத்த வெந்தயத்தையும் சேர்த்து வெண்ணெய் போல் ஆட்ட வேண்டும். வெந்தயத்தின் பசைதான் கூழைப் பிணைக்கிறது; அதன் கசப்புக்குப் பூச்சியும் அஞ்சும் என்பது பெரியம்மையின் கட்சி. ஒரு பானையைக் கவிழ்த்து, ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் கூழை ஒரு விரல் கனத்துக்கு அப்பித் தட்டி, முதலில் நிழலிலும் பிறகு வெயிலிலும் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். முக்கால் பாகம் காய்ந்ததும் பானையை உருவிவிட்டு, உட்புறத்தையும் காய விட வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை ஒரு வருஷம் எழுதித் தள்ளிய நோட்டுகள் ஒரு பெட்டிக்குப் போதும்.

பெரியம்மை காரியத்தில் கண்ணானவள். அன்றிரவே மாதிரிக்குப் பத்துக் கோப்பைகளைக் கிழித்துத் தண்ணீரில் போட்டுவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் உரலில் இட்டு ஆட்டினாள். குழவி சுற்றியது, கூழ் மட்டும் ஆகவில்லை. என்ன என்று கையை விட்டு அள்ளிப் பார்த்தால், வெண்மையான காகித நாரோடு கலந்து, வெங்காயச் சருகு போல் பளபளவென்று ஏதோ துண்டு துண்டாக வந்தது. ஆட்ட ஆட்ட அது விலகி விலகி ஓடிற்று. ஒரு முழுக் கோப்பையை வெந்நீரில் ஊற வைத்து மெல்ல உரித்தோம். வெளியே காகிதம் நைந்து கழன்றது. உள்ளே கோப்பையின் உருவத்திலேயே, கண்ணாடிபோல் ஒரு மெல்லிய சவ்வு முழுசாக நின்றது.

“இது என்னதுடே?” என்று பேரனைக் கூப்பிட்டுக் கேட்டாள். பையன் கெட்டிக்காரன், பார்த்ததும் தெரிந்துகொண்டான். முகம் சிவந்துவிட்டது.

அது பாலிதீன். காகிதம் தண்ணீரை உறிஞ்சும் ஜாதி, தேநீரைத் தாங்காது. ஆகவே கோப்பையின் உட்புறத்தில் பாலிதீனை உருக்கிப் பூசிவிடுகிறார்கள். எடையில் பார்த்தால் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பங்குதான் இருக்கும். ஆனால் அந்தச் சொற்பப் பங்கே காகிதத்தின் குலத்தைக் கெடுத்துவிடுகிறது. சாதாரண ஆலைகளில் இந்தக் கோப்பைகளைக் கூழாக்க முடிவதில்லை. பெரியம்மையின் உரலில் நடந்ததுதான் ஆலையின் தொட்டியிலும் நடக்கிறது. மண்ணில் போட்டால் காகிதம் மண்ணாகும், சவ்வு அப்படியே கிடக்கும். இது போதாதென்று, 2020-ஆம் வருஷத்தில் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 85 முதல் 90 டிகிரி சூடுள்ள நீரை 100 மில்லி இத்தகைய கோப்பையில் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துணுக்குகள் சுமார் 25,000 அதில் கலந்துவிடுகின்றனவாம். கால் மணி நேரம் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு பேசாதவர் நம் கலியாண வீடுகளில் யார் இருக்கிறார்கள்?

இன்னொரு வேடிக்கை. தமிழக அரசாங்கம் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பண்டங்களைத் தடுத்து 2018 ஜூனில் ஆணையிட்டு, 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் அமலுக்குக் கொண்டுவந்ததல்லவா? அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் இருக்கின்றன. கன்னியாகுமரி ஜில்லாவிலோ அதற்கும் பத்து வருஷங்களுக்கு முன்பே பிளாஸ்டிக்கை விரட்டப் பெருமுயற்சி நடந்தது. ஆக, நாங்கள் பச்சை இலையை நம்பி வாங்கி வைத்திருந்தது சட்டம் விலக்கிய சரக்கு!

இந்தக் கோப்பை பிறந்த கதையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ரயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒரே அகப்பையால் எல்லோரும் தண்ணீர் மொண்டு குடித்து வந்தார்கள். அதனால் நோய்கள் பரவின. 1907-ஆம் வருஷம் பாஸ்டன் நகரத்து லாரன்ஸ் லூயெல்லன் என்பவர் எறிந்துவிடக்கூடிய காகிதக் கோப்பையைச் செய்தார். 1909-ல் கான்ஸாஸ் ராஜ்யத்தில் பொதுக் குவளையையே தடை செய்தார்கள். நோய்க்கு மருந்தாக வந்தது, வழக்கமாகிவிட்டது. ரயிலுக்கு வந்தது வீட்டுக்குள் வந்துவிட்டது. அதுதான் சங்கடம்.

இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் ஜே. சி. குமரப்பாவின் ஞாபகம் எனக்கு வருகிறது. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரமும் கற்று, அத்தனையையும் கொண்டுவந்து கிராமத்தின் காலடியில் வைத்தவர். காந்தியடிகள் 1934-ஆம் வருஷக் கடைசியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் காரியதரிசியாக இருந்தவர் இவரே. பொருள்களை அவர் இரண்டாகப் பிரிப்பார். காடு, பயிர் போல ஆண்டுதோறும் வந்துகொண்டிருப்பவை ஓட்டம். நிலக்கரி, பெட்ரோலியம் போல எடுக்க எடுக்கக் குறைந்துபோகிறவை தேக்கம். (பேச்சிப்பாறைத் தேக்கம் வேறு, அது மழையில் மறுபடியும் நிரம்பிவிடும்.) ஓட்டத்தை நம்பி வாழ்கிற சமூகம் நிலைக்கும், தேக்கத்தைச் சுரண்டி வாழ்கிறது சண்டையில் முடியும் என்பது அவருடைய வாதம். காகிதம் ஓட்டத்தைச் சேர்ந்தது; பாலிதீன் தேக்கத்தைச் சேர்ந்தது. இரண்டையும் பிரிக்க முடியாமல் ஒட்டி, ஐந்து நிமிஷத் தேநீருக்குப் பயன்படுத்தி எறிகிறோம். குமரப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! அவர் 1960-ஆம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், மறைந்துவிட்டார்.

அந்தச் சங்கம் கையெடுத்த தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. கந்தலும் கழிவுத் தாளுந்தான் அதற்கு மூலப்பொருள். காந்தியடிகள் தமக்கு வந்த கடித உறைகளைப் பிரித்துத் திருப்பி, உட்புறத்தில் எழுதுகிற வழக்கமுள்ளவர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தாசிரமத்தில் 1959 முதல் பருத்திக் கந்தலிலிருந்து காகிதம் செய்து வருகிறார்கள். ஜயப்பூர் அருகே ஸங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனத்துக்குக் குமரப்பாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பெரிய ஆலைகளிலும் இந்தப் புத்தி இல்லாமலில்லை. கரூருக்கருகே காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு காகித ஆலைக்குக் கரும்புச் சக்கைதான் முக்கியமான மூலப்பொருள். எறியப்பட வேண்டியதற்கு இரண்டாவது ஜன்மம் கொடுக்கிற பண்டமாகக் காகிதம் இருக்கும்போது அதற்கு நாம் செய்கிற மரியாதை தகும்.

கலியாண வீட்டுக்குத் திரும்புவோம். கோப்பையைத் தள்ளிவிடுவதென்று பெரியம்மை தீர்மானித்தாள். வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர்கள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். அப்போதுதான் இதுவரை வாய் திறக்காமலிருந்த மருமகள் ஒரு கேள்வி கேட்டாள்: “கழுவுறது ஆரு அத்தை?”

ஒருவரும் பதில் சொல்லவில்லை. சிக்கனத்தைப் பற்றியும் சுற்றுச்சூழலைப் பற்றியும் எழுதுகிற என் போன்றவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே காலத்தைக் கடத்துகிறோம். கோப்பை வீட்டுக்குள் நுழைந்தது சோம்பேறித்தனத்தால் அன்று. கலியாணம் நடக்கும்போது பின்கட்டில் குனிந்தபடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் முகூர்த்தத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்களுக்கு அது விடுதலையாக வந்தது. கடைசியில் கூலி கொடுத்து இரண்டு பேரை அமர்த்துவதென்றும், பையனும் அவனுடைய சிநேகிதர்கள் நாலு பேரும் முறை வைத்துக் கழுவுவதென்றும் ஏற்பாடாயிற்று. பையன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. என்னையும் ஒரு முறைக்குச் சேர்த்துவிட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

பாயசத்துக்குக் கோப்பை வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். “அடைப் பிரதமனை எலையில விட்டுப் பழத்தையும் பப்படத்தையும் பெசஞ்சு திங்காம, கோப்பையில குடிக்கவா போறான்?” என்று பெரியம்மை சீறினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த சண்டை தாம்பூலப் பையைப் பற்றியது. 2021 டிசம்பரில் அரசாங்கம் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற இயக்கத்தைத் தொடங்கிய பிறகு கலியாணங்களில் துணிப்பைக்கு நல்ல கிராக்கி. எண்ணூறு துணிப்பைகள் அச்சிட வேண்டுமென்று பெண்ணின் தகப்பனார் சொன்னார். தோற்றுப்போன பையன் இப்போது தலைநிமிர்ந்தான். இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் இலாகா 2011-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியை எடுத்துச் சொன்னான். பூமியைச் சூடாக்குகிற கணக்கில், ஒரு தடவை உபயோகித்து எறிகிற மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடக் காகிதப் பை மேலானதாக இருக்க வேண்டுமானால், அதை மூன்று தடவையாவது உபயோகிக்க வேண்டும். பருத்திப் பையானால் 131 தடவை! பருத்தி பயிரிட்டு, நூற்று, நெய்து, சாயமேற்றி, தைக்கிற வரையில் ஆகிற செலவு அத்தனை. பிளாஸ்டிக் பை சாக்கடையை அடைப்பதும் பசுவின் வயிற்றை அடைப்பதும் இந்தக் கணக்கில் வராது. ஆகையால் அந்தப் பை நல்லதென்று இதற்கு அர்த்தமில்லை. துணிப்பையைப் பெட்டியில் பூட்டி வைக்கிறவருக்குப் புண்ணியமில்லை என்பதே அர்த்தம்.

பெரியம்மை உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்து வந்தாள். போன கலியாணங்களில் கிடைத்த பைகள். எண்ணினோம்: நாற்பது. அநேகம் மடிப்புக் கலையாதவை. வாரத்தில் இரண்டு நாள் சந்தைக்கு எடுத்துப் போனால் ஒரு பை 131 தடவையை எட்ட ஒன்றேகால் வருஷம் ஆகும். நாற்பது பைக்கு ஐம்பது வருஷம். “அப்போ நான் நூத்தி இருபத்தெட்டு வயசு வரைக்கும் இருக்கணும்” என்றாள் பெரியம்மை, சிரிக்காமலே.

அந்த நாற்பதையும் துவைத்து, உள்வெளியாகத் திருப்பி, வேறு வேறு தம்பதிகளின் பெயர்கள் உள்ளே போகும்படி மடித்து, நெருங்கிய உறவினருக்குத் தாம்பூலம் கொடுத்தோம். மற்றவர்களுக்குத் தேங்காயும் வெற்றிலையும் கையிலேயே. சிலர் முணுமுணுத்தார்கள். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் மட்டும் தம் பைக்குள் எட்டிப் பார்த்து, அதில் தம்முடைய மகன் பெயரே இருப்பதைக் கண்டு வெகுநேரம் ரசித்தார்.

பையன் என்னையும் விடவில்லை. அடுப்படியில் பொரிந்த ஏத்தன்பழ பஜ்ஜியை நான் செய்தித்தாளில் வாங்கிக்கொண்டபோது கையைப் பிடித்துக்கொண்டான். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் வகுத்த விதிகளின்படி செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது. 2023 செப்டம்பரில் மறுபடியும் எச்சரித்திருக்கிறார்கள். அச்சு மையில் ஈயம் முதலியவை இருக்கலாம். சூடும் எண்ணெயும் பட்டால் அது பண்டத்தில் இறங்கும். எழுத்துத் தொழிலிலிருக்கும் நான் எழுத்தை இந்த விதத்தில் உட்கொண்டு வந்தது தவறென்று ஒப்புக்கொண்டேன். முற்றத்தில் வாழையிலை நறுக்கு வேண்டிய மட்டும் கிடந்தது. பெரியம்மையின் பரண் பெட்டிக்கும் இதே விதி. அதுவரை முறுக்கு இருந்த இடத்தில் அன்று முதல் தோலுள்ள பண்டங்களான உள்ளியும் பூண்டும் குடியேறின.

இவ்வளவு செய்தும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுத்தோம். வாங்கிய கோப்பைகளைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்ததால், வாசலில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் தேநீரை மட்டும் அவற்றிலேயே கொடுப்பதென்று ஆயிற்று. குப்பைக்கூடை இரண்டு வைத்திருந்தோம். ஆனால் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்திருக்கிறவன் அடுத்த ஸ்நேகிதனைக் கண்டவுடன் அதை எங்கே வைக்கிறான் என்பது அவனுக்கே தெரிவதில்லை. ரோட்டோரத்து ஓடையிலும், ரப்பர்த் தோட்டத்து வேலியோரத்திலும் இரண்டு மூன்று நூறு கோப்பைகள் போய் விழுந்தன. முகூர்த்தத்தன்று இரவு ஒரு கோடை மழை பெய்தது. மறுவீடு, விருந்து என்ற சந்தடியில் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஏழாம் நாள் காலையில், அடுத்த தோட்டத்தில் பால் வெட்டுகிற தொழிலாளி என்னை வேலிப் பக்கம் கூப்பிட்டார். “இதைக் கொஞ்சம் பாருங்க ஸார்” என்று ஒரு கோப்பையை நீட்டினார். அரைக் கோப்பை மழைத் தண்ணீர். அதில் வளைந்து நெளிந்து நீந்திக்கொண்டிருந்தன புழுக்கள். வெளிக் காகிதம் நைந்திருந்தாலும் உள்ளேயிருந்த சவ்வு ஒரு சொட்டைக்கூடக் கசியவிடவில்லை. டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு இது போன்ற சின்னப் பாத்திரத்துத் தெளிந்த நீர்தான் தொட்டில். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள், பத்து நாள் போதும்.

“பால் வெட்டு இல்லாத நாளில் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கல்லேன்னா சுகாதாரக்காரங்க வந்து கேப்பாங்க. கேக்கணும். எம் மவளுக்குப் போன வருஷம் டெங்கு. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. இந்தத் தோட்டத்துச் சிரட்டை மொத்தமும் எங் கணக்கு. நான் கவிழ்த்திருக்கேன். இதை ஆரு கவிழ்ப்பாங்க ஸார்?” என்று கேட்டார்.

அவர் கோபமாகப் பேசவில்லை. அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை. நானும் பையனும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போய், ஓடையிலும் வேலியிலும் அன்று நண்பகல் வரை குனிந்து பொறுக்கினோம். இருநூற்று அறுபது வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை.

சிரட்டையை நான் புகழ்ந்து பேசுவதாக நேயர்கள் நினைக்கக்கூடும். அதன் தலையில் ஒரு பழைய பாவம் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகள் பலவற்றில், தாழ்த்தப்பட்டவரென்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்கு டம்ளரில் தராமல் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்த அநியாயம் வெகுகாலம் நடந்தது. இரட்டைக் குவளை என்ற பெயரில் அது பின்னும் நீடித்தது. காகிதக் கோப்பைக்கு ஜாதி தெரியாது என்று சொல்கிறவர்கள் உண்டு. வாஸ்தவம். ஆனால் ஜாதி பார்க்கிற கடைக்காரன் சிலருக்கு மட்டும் கோப்பையும் மற்றவர்களுக்கு டம்ளரும் கொடுத்து, பழைய வேலையைப் புதிய காகிதத்தில் நடத்துவதும் உண்டு. எங்கள் கலியாணத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட எண்ணூறு பேரும் ஒரே டம்ளர்களில் குடித்தார்கள். ஒரே தொட்டியில் வெந்நீர் விட்டுக் கழுவினோம். கணக்குப் பார்த்தபோது இரண்டு டம்ளர் குறைந்தது; கடைக்காரருக்குப் பணம் கட்டிவிட்டோம்.

மிச்சம் உபயோகிக்காத கோப்பைகள் வீட்டில் கிடந்தன. நான் ஊருக்குப் புறப்படும்போது பெரியம்மை அவற்றில் முந்நூறை எடுத்து, அடியில் ஊசியால் துளையிட்டு, மண்ணும் எருவும் நிரப்பி, நல்லமிளகுக் கொடியின் துண்டுகளை நட்டு நிழலில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். “ஒரு தடவைக்கு ரெண்டு தடவையாவது ஆவட்டும்” என்றாள்.

ஆனி மாதம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. பழைய கலியாண அழைப்பிதழின் உறையைத் திருப்பி ஒட்டி, அதனுள் என் தங்கை மகனுடைய கணக்கு நோட்டின் தாள் ஒன்றில் எழுதியிருந்தாள். மழை நன்றாகப் பிடித்துவிட்டது. கொடிகளில் இருநூற்றுப் பன்னிரண்டு வேர் விட்டன. எல்லாவற்றையும் கமுகு மூட்டில் நட்டாகிவிட்டது. நடும்போது கோப்பையின் காகிதம் கையோடு வந்துவிட்டதாம். சவ்வை மட்டும் ஒவ்வொன்றாக உரித்தெடுத்து, கழுவிக் காய வைத்து, ஒரு பொட்டலமாகக் கட்டிப் பரணில் வைத்திருக்கிறாள். பழைய காகிதமும் இரும்பும் வாங்க வருகிற ஆக்கர்காரரிடம் காட்டினாளாம். அவர் பிரித்துப் பார்த்து, எடை போடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். இதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள்.